ஆணி அடிக்கலாமா

சபா எல்லையிலிருந்து
சனிக்கிழமை இரவுதான் லைன் கிடைக்கும்.
"நீயே பார்த்து முடிவு பண்ணு, மங்கை"
என்றார் கோப்ரல் குணாளன்.
பின்னால் மழையோ கடலோ, ஏதோ இரைந்தது.
அத்தோடு அறுந்தது.

கேம்ப் குவார்ட்டர்ஸிலேயே இருக்கலாம்,
பென்ஷன் வரை, இன்னும் நாலு வருடம்.
வாடகை இல்லை, வீட்டு அலவன்சும் இல்லை.
குழாய் வறண்ட நாளில் லாரி வந்து ஊற்றும்.
எனக்கு இரவு ஷிப்ட் என்றால்
எதிர்வீட்டுக் காக் ஜைத்தோன் கேட்காமலே வந்து
சின்னவனைத் தலையணையோடு தூக்கிக்கொண்டு போவாள்.
சுவரில் ஆணி அடிக்கத்தான் கூடாது.
பதினோரு வருடமாக முனீஸ்வரர்
ஐஸ்பெட்டி மேல் சாய்ந்தே நிற்கிறார்.
பால் எடுக்கத் திறக்கும்போதெல்லாம்
அவர் குதிரை நடுங்கும்.

குளுவாங் டவுனில் டயர் கடை மாடி,
மாதம் எழுநூறு வெள்ளி.
பட்டாளத்துக் குடும்பம் என்றதும்
தவுக்கே முன்பணத்தில் நூறு குறைத்தார்.
நாளெல்லாம் கீழே காற்றடிக்கும் சத்தம்.
ஆனாலும் பிடித்துத்தான் இருந்தது.
அந்த ஜன்னலில் நின்றால்
பஸ்ஸை விட்டு யார் இறங்கினாலும் தெரியும்.

பிறகு செம்பனை ஆலைக்குப் பின்னால் புதுத் தாமான்.
வரிசை வீடு, மூன்று அறை, பென்ஷனையும் தின்னும் கடன்.
மத்தியானக் காற்றில் ஆலையின் புளித்த வாடை.
எனக்கு அது தெரிந்த வாடைதான்.
அங்கேதான் எங்கள் லயம் இருந்தது, ஏழாம் கதவு.
அப்பா வேலை முடிந்த மாதமே
கிராணி வந்து சாவி கேட்டார்.
அம்மா வீட்டைக் கழுவிவிட்டுக்
கை ஈரத்தோடு கொடுத்தாள்.
கேம்ப்பிலும் ஒரு தாள் வைத்திருக்கிறார்கள்:
விசிறி மூன்று, விளக்கு ஏழு, கதவு நாலு.
போகும்போது எண்ணி வாங்குவார்கள்.

ஏஜென்ட் பையன் கழிப்பறை ஓடுகளைப் புகழ்ந்துகொண்டிருந்தான்.
"தம்பி, சுவரில் ஆணி அடிக்கலாமா?"
சிரித்துவிட்டான்.
"உங்க வீடுக்கா, சுவரையே இடிக்கலாம்."
ஏனோ கோபம் வந்தது எனக்கு.

இந்த வருடம் அவருக்கு லீவு நாற்பது நாள்.
நாற்பது நாள் தூங்க ஒரு வீடு,
மீதி நாளெல்லாம் நானே பூட்டி நானே திறக்க.
கணக்கு எப்படிப் போட்டாலும் உதைத்தது.
அடுத்த சனிக்கிழமை லைன் கிடைக்கவில்லை.
திங்கட்கிழமை ஐந்நூறு வெள்ளி கட்டி
ரசீதை மடித்து ஜாதகத்துக்குள் வைத்தேன்.

முதலில் ஜைத்தோனிடம்தான் சொன்னேன்.
கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.
அவள் புருஷனின் பச்சைச் சட்டையை
இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள்,
திரும்ப உதறி மறுபடி மடித்தாள்.

"பக்கத்து வீடு விற்றாச்சா?"
என்று கேட்டாள்.