விருந்தினர் வலை

காதணியின் கொக்கி உள்ளே போகிறது.
ரவுட்டரின் முதுகில், ஊசி முனைக்கென்றே விட்ட துளை.
பத்து எண்ணு என்கிறது கையேடு.
ஏழில் எல்லா விளக்கும் அணைந்தன.
பத்தில் ஒன்று மட்டும் ஆரஞ்சாய் விழித்தது,
யாரையும் தெரியாத கண்.

ஓயார்ஸ் சாகவில்லை.
அயர்லாந்தில் காளான் பண்ணையில் இருக்கிறான்.
இன்னொருத்தியோடு இருக்கிறான்.
நிர்வாகிக்கான கடவுச்சொல்லையும்
கையோடு கொண்டுபோய்விட்டான்.
போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.
கேட்பதைவிடக் காதணி சுலபம்.

பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிட்ட ரீகா.
கான்கிரீட் பலகைகளை அடுக்கி எழுப்பிய ஒன்பது மாடி.
சுவருக்குள் இரும்புக் கம்பி.
கூடத்தில் கொழுகொழுவென்று கிளம்பும் சிக்னல்
சமையலறைக்கு வந்து சேர்வதற்குள்
ஒற்றைக் கோடாய் இளைத்துவிடும்.

லேப்டாப்பில் எண்களைத் தட்டுகிறேன்:
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, புள்ளி,
நூற்று அறுபத்தெட்டு, புள்ளி, ஒன்று, புள்ளி, ஒன்று.
உலகில் எத்தனையோ வீடுகளுக்கு இதே முகவரி.
ஆனாலும் கதவு மாறித் தட்டுவதில்லை யாரும்.

வலைக்குப் பெயர் கேட்டது.
முன்பு அது 'ஓயார்ஸ் கோட்டை'.
பதினோரு வருடம் கோட்டைக்குள் இருந்தேன்,
பாதி வாடகை என்னுடையது.
பெட்டிக்குள் கர்சர் துடிக்கிறது.
முப்பத்திரண்டு எழுத்துக்குள் சொல், நீ யார்?
'வெல்கா' என்று அடித்தேன். அழித்தேன்.
எழுந்து போய்த் தேநீர் போட்டு வந்து
மறுபடியும் 'வெல்கா' என்றே அடித்தேன்.

பாதுகாப்பு வகையில் புதியதைத் தேர்ந்தால்
பழைய பிரின்டர் சேராது என்றது.
பிரின்டரோடு எனக்கு விரோதமில்லை.
இரண்டும் கலந்ததைத் தேர்ந்தேன்.

அப்புறம் சேனல்.
சுற்றிலும் இருப்பவர்களின் பட்டியல் விரிந்தது:
'லிஃப்ட் எப்போது சரியாகும்',
'மூன்று பூனை', 'கடன் கேட்காதே',
பெயர் மறைத்துக்கொண்ட இரண்டு பேர்.
ஆறாம் சேனலில் பதினான்கு வீடு.
படிக்கட்டில் முகம் பார்க்காதவர்கள்
காற்றில் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து
இரைந்துகொண்டிருந்தார்கள்.
பதினொன்றில் கூட்டமில்லை. அங்கே குடிபோனேன்.

எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.
மேல்மாடி தாலிவால்டிஸ். வீட்டுச் செருப்பு.
கையில் சீமை மாதுளை ஜாம் புட்டி.
"உங்களுக்கும் நெட் போய்விட்டதா?"
அந்த 'உம்' அவரைக் காட்டிக்கொடுத்தது.
அவருக்கே அது உறைத்து
என் வெறும் இடக்காதைப் பார்த்தபடி சொன்னார்:
நாலு வருடமாம்.
படகு மோட்டாரைச் சரிபார்த்ததற்குக் கூலியாய்
ஓயார்ஸ் கொடுத்த கடவுச்சொல்லாம்.

நாலு வருடமாக நான் சுவரைத் திட்டியிருக்கிறேன்.

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.
சிலியில் ஒருவரோடு சதுரங்கமாம்.
மூன்று நாளுக்கு ஒரு காய்.
இன்று நள்ளிரவோடு அவர் கெடு முடிகிறதாம்.
குதிரையை எங்கே வைப்பதென்று
இப்போதுதான் தெரிந்ததாம்.

உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை.
அமைப்புகளுக்குள் மறுபடி போனேன்.
விருந்தினர் வலை: இயக்கு.
வீட்டுக்குள் இருக்கும் சாதனங்களைக் காணலாமா? கூடாது.
வேகத்துக்கு வரம்பு? உண்டு.
எத்தனை மணி வரை? ஒரு மணி வரை.
ஒரு ஆளை உள்ளே விடுவதற்கு
இத்தனை கேள்வி உண்டென்று
கல்யாணப் பதிவு அலுவலகத்தில்
எவரும் சொல்லவில்லை.

கடவுச்சொல்லை மின்கட்டண ரசீதின் பின்னால்
எழுதிக் கொடுத்தேன்.
கண்ணாடி இல்லாமல் உரக்கப் படிக்கத் தொடங்கினார்,
படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி.
மெதுவாக, என்றேன்.

பத்து நிமிடம் கழித்துப் பட்டியலில்
புதிதாய் ஒரு வரி.
இரும்பையும் கான்கிரீட்டையும் தாண்டி
ஒற்றைக் கோட்டில் மினுங்குகிறது.
குதிரை நகர்ந்திருக்கும்.

காதணியின் கொக்கி வளைந்துபோயிருக்கிறது.
ஜாம் புட்டி மூடி திறக்க மறுக்கிறது.
வெந்நீரில் கொஞ்சம் காட்ட வேண்டும்.