நூறு மீட்டர்

எத்தனை கரும்புள்ளி என்று கேட்டாள்,
கணினியிலிருந்து கண் எடுக்காமல்.
இல்லை என்றேன்.
ரேடார் ஃபைன்? இல்லை.
கம்பெனி அனுப்பியதா?
போலீஸா?
இல்லை.
அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

இருபத்தைந்து ரியால் என் கைக்காசு.
வெள்ளிக்கிழமை என் தூக்கம்.
படிவத்தில் என்னைப் போன்றவனுக்குக் கட்டம் இல்லை.
'மற்றவை'யில் டிக் அடித்து
காரணம் எழுதச் சொன்னாள்.
பேனா எழுதவில்லை, பிறகு தருகிறேன் என்றேன்.

ரூவியில் ஒரு மாடியறை. பதினோரு பேர்.
பத்துப் பேரைப் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள்.
ட்ரெய்லர் ஓட்டும் ஷிஜோ
நான் தானாக வந்த கதை கேட்டு
"வட்டாணோ சேட்டா?" என்று சிரித்தான்.

புதைனா டீச்சர் அரபி கலந்த ஹிந்தியில் கேட்டாள்:
முன்வண்டிக்கும் உனக்கும் எவ்வளவு?
மூணு செகண்ட் என்றோம்
வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல.
நூற்றிருபதில் மூன்று செகண்ட்,
நூறு மீட்டர் என்று பலகையில் எழுதி
அடிக்கோடு போட்டாள்.

அந்த நூறு மீட்டரை எனக்குத் தெரியும்.
ஹைமா தாண்டி, ஆதமுக்கு வெகு முன்னால்.
துக்கும் வேலைத்தளத்திலிருந்து திரும்பும் பதினாலு பேர்.
பதினாலு பேரும் உறக்கம்.
பதினைந்து பேரும்.

ஓரக்கோட்டின் புடைப்புகள் டயரை உலுக்கி
என்னைத் திருப்பிக் கொடுத்தன.
ஸ்டியரிங் என் கையில்தான் இருந்தது.
அதுதான் பயம்.

பின்சீட்டில் பிச்சைக்கனி மட்டும் முழித்து
"ஒட்டகமாண்ணே?" என்றான்.
"ஆமா."
"பெருசா?"
"குட்டியோட."
மறுபடி ஜன்னலில் தலை சாய்த்தான்.

காலையில் கேம்ப் முழுக்கச் சொன்னான்:
அண்ணன் ஒடிச்சாரே ஒரு ஒடி,
இல்லேன்னா நாம இல்லை.
மெஸ்ஸில் எனக்கு ஒரு முட்டை கூடுதலாக வைத்தார்கள்.
தின்றேன்.

கேமரா இல்லாத இடம் அது.
எதிரே ஒரு வண்டி வரவில்லை.
எனக்கு அபராதம் போட
அந்த ராத்திரியில் ஆளே இல்லை.

தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள் என்றாள் டீச்சர்.
ஜன்னல் திறப்போம், பாட்டு, பச்சை மிளகாய்,
கன்னத்தில் நாமே அறைந்துகொள்வோம்.
எதுவும் ஆகாது, என்றாள். நிறுத்து. தூங்கு. இருபது நிமிஷம்.
நிறுத்தினா ட்ராக்கர் ஆபீசுக்குச் சொல்லிடும் மேடம்,
என்றான் ஷிஜோ, இப்போது சிரிக்காமல்.
அதற்கு அவள் பலகையில் எதுவும் எழுதவில்லை.

நாலு மணிக்குப் படிவத்தைக் கேட்டார்கள்.
காரணம் என்ற கோட்டின்மேல்
ஒட்டகம் என்று எழுதினேன், தமிழில்.
கீழே இருந்த பெண்ணுக்கு வாசிக்கத் தெரியாது.
சீல் வைத்தாள்.

நாளை ராத்திரி மறுபடி துக்கும்.
பிச்சைக்கனியை முன்சீட்டில் ஏறச் சொல்ல வேண்டும்.
ஆதம் தாண்டியதும் சொல்லிவிட வேண்டும்.
அந்த முட்டையிலிருந்து
ஆரம்பிக்கலாம்.