கள்ள வாய்க்கால்

சம்மாந்துறையில என்ட மனிசன் வட்டவிதானை.
வரம்பை அறுத்து ஆரும் தண்ணி களவெடுத்தா
டோர்ச்சும் மண்வெட்டியுமாப் போய்
இரவோடிரவா அடைச்சுப் போட்டு வருவார்.

கல்முனை ஆஸ்பத்திரியில
டொக்டர் நுஸ்ரியா துண்டுத் தாளில கீறிக் காட்டினா:
மார்புக்குள்ள புளியங்கொட்டையளவு கட்டி,
அதுக்குப் புதுசு புதுசா ரத்தக்குழாய்.
"நிக்கொட்டின் தூண்டினாக் குழாய் கிளைக்கும், உம்மா.
கட்டி குடிச்சுக் கொழுக்கும்."

கன்னத்தில பொயிலை வெச்சுத்தான் களை புடுங்கின நான்.
சிகரட் அவர்ர.
முப்பத்தொரு வருசம்
ஒரே நுளம்பு வலைக்குள்ள அந்தப் புகை.

ஆர் அறுத்த வாய்க்கால் எண்டு
நானும் கேக்கல்ல.

பஸ்ஸில அவர் பேசல்ல.
ஊட்ட வந்து
சிகரட் பெட்டியைக் கெணத்துக் கட்டில வெச்சார்,
மண்வெட்டியைத் தூக்கினார்.

வெட்டி முடிஞ்ச வயல்.
இண்டைக்கு ஆருக்கும் தண்ணி முறையில்ல.