இதற்கு முன் சென்றிருக்கிறீர்களா

லெத்பிரிட்ஜ் நூலகத்தின் கீழ்த்தளம்.
வெளியே சினூக் காற்று
குப்பைத்தொட்டிகளை உருட்டிக்கொண்டிருந்தது.
உள்ளே இருபது கதிரை, பதினொரு பேர்,
ஒரு திரை,
திரையில் பூட்டான்.

வெண்டல் முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவர்.
இப்போது வருடத்துக்கு இரண்டு தடவை
பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மலையேறுகிறார்.
பதினான்கு நாள். எல்லாம் அடக்கம்,
மதுவும் காப்புறுதியும் தவிர.

முதலில் தாக்கின் வந்தது:
ஆட்டின் முகத்தை மாட்டின் உடம்பில்
யாரோ அவசரத்தில் ஒட்டிவிட்டுப் போனதுபோல.
எல்லோரும் சிரித்தோம்.
அது சிரிக்காமல் மென்றது.

பிறகு கருங்கழுத்துக் கொக்குகள்.
பள்ளத்தாக்கில் இறங்குமுன்
மடாலயத்தை மூன்று முறை சுற்றுமாம்.
பல் வைத்தியர் தம்பதி குறித்துக்கொண்டார்கள்.
சீனிக்கிழங்குத் தோட்டத்தை விற்றுவிட்டு வந்த ஹாரல்ட்
சிவப்புப் பாண்டா கட்டாயம் வருமா என்று கேட்டார்.
கட்டாயம் வருவது மழை மட்டும்தானாம்.

நான் ஏன் வந்தேன் என்று கேட்காதீர்கள்.
வரிக்கணக்குப் பருவம் முடிந்திருந்தது.
எங்கேயாவது போவோம் என்றாள் மனைவி.
எங்கேயாவது என்றால்
எங்கள் ஊருக்கு இல்லை என்று அர்த்தம்.
மேசையில் அடுத்த பிரசுரம் எங்கள் ஊர்தான்:
பதினொரு நாள், சிறுத்தை, தேயிலை, திமிங்கிலம்.
அட்டைச் சிறுத்தை
என்னை வெளிநாட்டுக்காரனாகப் பார்த்தது.
கவிழ்த்து வைத்தேன்.
பின்பக்கத்திலும் அதே சிறுத்தை.

கடைசி வரிசையில், எனக்குப் பக்கத்தில்,
உருளைக்கிழங்குத் தொழிற்சாலையின் நீலச் சட்டையோடு ஒரு பெண்.
பிஷ்ணுமாயா ராய் என்று நெஞ்சில் ஒட்டியிருந்தாள்.
இரவு வேலைக்கு ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.
கையை உயர்த்தினாள்.

"ஒரு இரவுக்கு நூறு டொலர் கட்டணம் என்றீர்கள்.
யாருக்காவது விலக்கு உண்டா?"
"ஆறு வயதுக்குக் கீழே இலவசம்.
பன்னிரண்டு வரை பாதி."

கைபேசியில் தட்டினாள்.
ஒன்பது வருடம்.
ஆறு கழிய மூன்று.
பாதி விலையில்
ஐம்பத்து நாலாயிரத்து எழுநூற்றைம்பது.
"நல்லவேளை," என்றாள் எனக்கு மட்டும்,
"கடன் ஏறுமுன் துரத்திவிட்டார்கள்."

சிரிக்கலாமா என்று முகத்தைப் பார்த்தேன்.
அவள் சிரித்தபிறகு சிரித்தேன்.

திரையில் வில்வித்தை,
அம்பு பட்டதும் ஆடும் ஆண்கள்.
மகிழ்ச்சியை அளக்கும் நாடு என்றார் வெண்டல்,
நல்ல மனிதர், குரல் கம்மியது.
"சிராங் போகுமா?" என்று கேட்டாள்.
அவர் வரைபடத்தில் தேடினார்.
சிவப்புக் கோடு பாரோவில் தொடங்கி
பும்தாங்கோடு திரும்பியது.
தெற்கில் விரலை வைத்து,
அந்தப் பக்கம் பார்க்க அதிகம் இல்லையாம் என்றார்.
"தோடம்பழம்," என்றாள்.
அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

படிவம் தந்தார்கள்.
ஒத்துக்கொள்ளாத சாப்பாடு. முழங்காலின் நிலைமை.
ஏழாவது கேள்வி:
இதற்கு முன் பூட்டானுக்குச் சென்றிருக்கிறீர்களா?
ஆம். இல்லை. இரண்டு பெட்டி.

பேனாவைத் தொடையில் தட்டிக்கொண்டே
என்னைக் கேட்டாள்:
"பிறந்தது போனதாகுமா?"

பதினாறு வருடமாக
மற்றவர்களின் படிவங்களை நிரப்பிச் சாப்பிடுகிறவன் நான்.
எந்தக் கோட்டில் எந்த இலக்கம் என்று
நித்திரையிலும் சொல்வேன்.
"வெறுமையாக விடுங்கள்," என்றேன்.

அவள் 'ஆம்' போட்டாள்.
எத்தனை நாள் என்ற சின்ன இடத்தில் 3285.
கடைசி ஐந்து ஓரத்துக்கு வெளியே விழுந்தது.
பயணத்தின் நோக்கம்: கொக்கு.

முற்பணம் இருநூற்றைம்பது.
விசா மறுத்தால் திரும்பக் கிடையாது,
மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது.
"வாசித்தேன்," என்றாள், நான் கேட்கமுதல்.
இயந்திரம் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு
துண்டைக் கக்கியது.

வெளியே காற்று
அவள் கார்க் கதவைத் திறக்கவிடவில்லை.
நானும் சேர்ந்து இழுத்தேன்.
எதிரே ட்ரக்கில் இருந்தபடி ஹாரல்ட்
கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்
எங்களை,
அல்லது எங்களுக்குப் பின்னால்
நூலகத்துச் செடியை மேய்ந்துகொண்டிருந்த
மூன்று மான்களை.