ஏலம்

வீட்டுத் தரகர் சொல்லிவிட்டுப் போனார்:
ஞாயிறு மூன்று மணிக்கு வருவார்கள்,
இரண்டரைக்கு அவனில் ஏதாவது வேகட்டும்,
வாசனைக்கும் விலை உண்டு.

ஹெர்னோசாண்டில் நவம்பர்.
மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டும்.

ஹால்வார் ஏலம் இடித்தான்.
பிரிவதென்று முடிவான பிறகு
சேர்ந்து செய்கிற முதல் வேலை.
வெதுவெதுப்பான பாலில் ஈஸ்ட் நுரைத்தது;
யார் எங்கே போனால் அதற்கென்ன.

மாவு உப்பும்வரை
பாத்திரங்களைப் பங்கு போட்டோம்.
‘உரல் உனக்கு, உலக்கை எனக்கா?’ என்றான்.
சிரித்துவிட்டேன்.
சிரித்திருக்கக் கூடாது.

வெண்ணெய் தடவி, சர்க்கரையும் ஏலமும் தூவி
நாடா நாடாவாக வெட்டி
இரு விரலில் சுற்றி நுனியை அடியில் செருகினோம்.
என் முடிச்சுகள் வேகும்போது அவிழும்.
அவனுடையவை அவிழ்ந்ததே இல்லை.

வந்தவர்கள் கூரையின் வயதைக் கேட்டார்கள்.
நிலவறைச் சுவரில் ஈரம் தட்டிப் பார்த்தார்கள்.
ஒருத்தி மட்டும்
சமையலறை வாசலில் கண்மூடி நின்றாள்,
கோட்டுப் பொத்தான் பூட்டாத வயிற்றில் கை.

அவர்கள் போனதும் நின்றபடியே தின்றோம்,
அவன் நான்கு, நான் ஐந்து,
தட்டு யாருக்கென்று பேசாமல்.

திங்களன்று ஏலம்.
தொகை ஏறிக்கொண்டே போனது போனில்.
நானோ
பல்லிடுக்கில் ஒரு கறுப்பு விதையை
நாக்கால் துழாவிக்கொண்டிருந்தேன்.