இரண்டரை மணி நேரம்

வெருலம் உள்துறை அலுவலகத்தில்
என் வீட்டுக்காரர் ஏற்கெனவே செத்திருந்தார்.
ஆறு வருஷம் முன்னால், லேடிஸ்மித்தில்,
யாரோ ஒரு படையாச்சி போய்ச் சேர்ந்தபோது
அடையாள எண்ணில் ஓர் இலக்கம் வழுக்கி
இவர் மேல் விழுந்துவிட்டது.

பென்ஷன் நின்றது.
வங்கி அட்டையை மிஷின் விழுங்கிக்கொண்டது.
ஆலையில் முப்பத்தோரு வருஷம் கரும்புச்சாறு காய்ச்சிய மனிதர்
மாதம் ஒருமுறை டாக்சி ஏறிப் போய்
கண்ணாடி ஜன்னல் முன் நின்று
நெஞ்சைத் தட்டிக் காட்டிவிட்டு வருவார்.
பிரிட்டோரியாவுக்கு எழுதியிருக்கிறார்களாம்.
வீட்டில் நான் குரல் உயர்த்தினால்,
"செத்தவன்கிட்ட ஏண்டி சண்டை?"

போன ஞாயிறு, குளியலறை வாசலில்,
ஒரு காலில் மட்டும் செருப்போடு
நிஜமாகவே.

செவ்வாய்க்கிழமை. டோக்கன் எண்பத்து நான்கு.
நாற்காலி நாற்காலியாக நகர்ந்து
நொக்குதூலாவின் முன் போய் உட்கார்ந்தேன்.
"மாமா" என்றாள்.
ஜூலுவில் அது அம்மா.
வேறொரு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன்.
"இவர் இறந்தவர், மாமா. மறுபடி இறக்க சிஸ்டம் விடாது."

காகிதம் இல்லாமல்
கிளேர் எஸ்டேட்டில் அடுப்புக் கதவு திறக்காது.
ஐயம்பெருமாள் கம்பெனியின் குளிர்பெட்டிக்கு
நாள் வாடகை.

"முதலில் உயிரோடு ஆக்கணும்.
அப்புறம்தான் சாகடிக்க முடியும்."
அவள் கேலி பேசவில்லை.
படிவத்தின் எண்ணை
என் உள்ளங்கையிலேயே எழுதிக் கொடுத்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் சத்தியப் பத்திரம்.
ஞாயிறு வரை உயிரோடு இருந்தாரா?
இருந்தார்.
எப்படித் தெரியும்?
சனிக்கிழமை ரசத்தில் உப்பில்லை என்றார்.
கான்ஸ்டபிள் அதை எழுதவில்லை.
'மனைவி. நேரில் அறிந்தவர்' என்று எழுதி
முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

வியாழன், பதினொன்று ஐம்பத்தைந்து.
நொக்குதூலா ஒரு பொத்தானை அழுத்தி
திரையை என் பக்கம் திருப்பினாள்.
சின்னராஜ் படையாச்சி. மணமானவர்.
நிலை: உயிருடன்.

ஆறு வருஷம் அவர் கேட்டது இந்த ஒரு வார்த்தை.

அவள் அடுத்த படிவத்தை எடுத்தாள்.
மின்சாரம் போனது.
பன்னிரண்டு முதல் இரண்டரை, இந்தப் பகுதிக்கு முறை.
வரிசை முழுக்கப் பெருமூச்சு.
எனக்கு அவசரமில்லை.

இப்போது அவர் ஓட்டுப் போடலாம்.
காரை விற்கலாம்.
அரசாங்கத்திடம் ஆறு வருஷ பாக்கி கேட்கலாம்.
வேண்டுமானால் என்னை விவாகரத்துகூடச் செய்யலாம்.

எதிர்க் கடையில் கால் பன்னி வாங்கினேன்.
பெயர்தான் பன்னி; குடைந்த ரொட்டிக்குள் ஆட்டுக்கறி.
மேலே மூடிபோல வைத்த ரொட்டித் துண்டு
எப்போதும் அவருக்கு.
அதை எடுத்துக் காகிதத்தில் தனியே வைத்தேன்.
பக்கத்து நாற்காலிக் குழந்தை அதையே பார்த்தது.
தரவில்லை.
ஆள் உயிரோடு இருக்கிறாரே.

இரண்டு முப்பத்தொன்றுக்கு
விசிறிகள் சுற்றின, பிரிண்டர் இருமியது.
நொக்குதூலா விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு
அழுத்தாமல் என்னைப் பார்த்தாள்.
"மாமா?"
ஒரு நிமிஷம் என்றேன்.
கையைத் துடைத்தேன்.
விரல் விரலாகத் துடைத்தேன்.
எண்பத்தைந்தாம் டோக்கன் வாட்சைப் பார்த்தது.
சரி என்றேன்.

சூடாக வந்த தாளில் தேதி சரி.
படையாச்சியின் வாலில் ஓர் எழுத்தைக் காணோம்.
திருத்த அடுத்த வாரம் வரச் சொன்னாள்.
வரமாட்டேன் என்று அவளுக்கும் தெரியும்.

எழுந்தபின்தான் ஞாபகம் வந்தது.
"அப்போ அந்த லேடிஸ்மித்காரர்?"

அவள் எண்ணைத் தட்டிப் பார்த்தாள்.
"அவர் உயிரோடு இருக்கிறார், மாமா.
யாராவது வந்து கேட்கிறவரைக்கும்."