பின்னணியை நீக்கு

கொம்தார் மூன்றாம் மாடியில்
கைப்பேசிக்குக் கண்ணாடி மாற்றுகிற கடை எனக்கு.
அன்று மதியம் ஈ கூட வரவில்லை.
கீழே, சாலையோரம்
மருத்துவமனைத் துப்புரவுக்காரர்கள் அட்டை பிடித்து நின்றார்கள்.
குத்தகைக் கம்பெனி மாறும்போதெல்லாம்
பதினேழு வருச வேலை
முதல் நாள் ஆகிவிடுகிறதாம்.

இறங்கிப் போனேன்.
ஆதரவுக்கு என்று சொன்னால் பொய்,
கோப்பி ஓ வாங்கப் போனேன்.

ஒருத்தி
வாய் பிளந்து, கை உயர்த்தி,
கழற்ற மறந்த மஞ்சள் கையுறையோடு.
எடுத்தேன்.
லிஃப்டு வருவதற்குள் வெட்டத் தொடங்கியிருந்தேன்.

ஸ்டிக்கர் செய்வது சுலபம்.
வேண்டிய ஆளைச் சுற்றி ஒரு கோடு.
மீதியைச் செயலி தின்றுவிடும்.
முதலில் போலீஸ் லாரி போனது.
அப்புறம் மழைக்கோட்டுப் போட்ட சீனக் கிழவர்,
பாதி தெரிந்த ஓர் அட்டை,
இரண்டு சிறுமிகள், ஐஸ்கிரீம்.
அவள் தோளில் மட்டும் யாருடைய கையோ
ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.
நகமெல்லாம் மருதாணி.
பெரிதாக்கி
ஒவ்வொரு விரலாக அழித்தேன்.

அடியில் எழுதினேன்:
சம்பளம் எங்கடா?

சாயங்காலம் பாலம் தாண்டிவிட்டது.
பட்டர்வொர்த், சுங்கைப் பட்டாணி,
ராத்திரி கிள்ளானில் என் மச்சான்
எனக்கே அனுப்பினான், பார்த்தியா என்று.
மாசக் கடைசியில் நாடே அவள் வாயால் கத்தியது.
யாரோ எழுத்தை மாற்றி
'பிரியாணி எங்கடா' ஆக்கினார்கள்.
கோரிக்கை மனுவில் நாற்பதாயிரம் பெயர்கள்.
கேலி செய்யவில்லை,
அதில் ஒன்று என்னுடையது.

அடுத்த வியாழன் மறுபடி நின்றார்கள்.
மாடியிலிருந்து எண்ணினேன்.
போன தடவையைவிட
மூன்று பேர் கூட.

கம்பெனிக்காரனும் ஸ்டிக்கர் பார்க்கிறவன்தானே.
அறுபது முகத்தில் அவனுக்கு
ஒரு முகம்தான் தெரிந்தது.
மற்றவர்களை நான் அழித்துக் காப்பாற்றியிருந்தேன்,
தெரியாமல்.

பத்து நாள் கழித்து வந்தாள்.
தவமலர் என்று ரசீதில் எழுதச் சொன்னாள்.
கண்ணாடி சிலந்திவலையாய் உடைந்திருந்தது.
"வேலை இல்லன்னு கடுதாசி வந்துச்சி,
கைதவறிப் போட்டுட்டேன்" என்றாள்,
எதை என்று சொல்லாமல்.
நான் திருகாணிகளை எண்ணினேன்.

பொழுது போக அவளே பேசினாள்.
"எல்லாரும் நெனைக்கிறாங்க நான் கோஷம் போட்டேன்னு.
ரொக்காயாவுக்கு மயக்கம் தம்பி.
முந்தின நாள்தான் மக கல்யாணம் முடிஞ்சது, தூக்கமில்ல.
என் தோளைப் பிடிச்சிக்கிட்டா.
தண்ணி போத்தல் எங்கன்னு கத்தினேன்."

திருகாணி ஒன்று உருண்டு
மேசைக்கு அடியில் போனது.
குனிந்து தேடினேன்,
தேவைக்கு மேல் நேரம்.

காசு வேண்டாம் என்றேன்.
எண்பது ரிங்கிட்டை எண்ணி வைத்தாள்.
"வேலை செஞ்சா கூலி வாங்கணும்."
சரி, கடை நம்பருக்கு ஏதாவது அனுப்பிப் பாருங்க,
டச் சரியா இருக்கான்னு.

என் கைப்பேசி அதிர்ந்தது.
மஞ்சள் கையுறை.
சம்பளம் எங்கடா?

சிரித்தாள். "என்கிட்ட இதுதான் நெறைய இருக்கு."
புதுக் கண்ணாடியில் இரண்டு விரல் வைத்து
தன்னையே பெரிதாக்கினாள்,
முகத்தை விட்டு, காதை விட்டு,
தோளோரம் வரை.
அங்கே, நான் விட்டுவிட்ட
கடுகளவு சிவப்பு.

"இது ரொக்காயா" என்றாள்.